நிர்மாலியத்தில் மிஞ்சிய நூல்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில், பேருந்தில் கண்ணயர்ந்து வருபவர்களுக்கும் தோவாளை வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். பிச்சியும் மல்லிகையும் மரிக்கொழுந்தும் கலந்த மணம், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றோடு சேர்ந்து ஊர் எல்லைக்கே வந்து எதிர்கொள்ளும். செக்கர்கிரியின் மேல் சுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்டிருக்க, அடிவாரத்து ஊரில் விடியலுக்கு நெடுநேரம் முன்பே மலர்ச் சந்தை கூடிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் அந்த முருகனுக்கு நடைபெறும் மலர் முழுக்கைத் தரிசித்தவர்கள், கூடை கூடையாகப் பொழியும் பூவினுள் திருமேனி மறைந்து திருமுகம் மட்டும் தெரியும் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள்.

சுற்றுவட்டாரத்துப் பிச்சியும் அரளியும் சம்பங்கியும் இந்தச் சந்தைக்கு வருகின்றன. கணவாய்க்கு அப்பால் ராதாபுரம் பகுதியிலிருந்தும், மதுரை, திண்டுக்கல், ஓசூர் பக்கங்களிலிருந்தும் லாரிகளில் பூ வந்து இறங்குகிறது. வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் மலையாள நாட்டவர். ஓணம் நெருங்கிவிட்டால் தோவாளையில் இரவென்று ஒன்று கிடையாது. ஒரு முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோகும் மல்லிகையை, அடுத்த வாரம் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிராது. பூ வியாபாரத்தில் பொழுது சாய்ந்தால் முதலும் வாடிவிடும்.

இந்தச் சந்தைக்கு அருகில், இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அகலத்தில் ஒரு மாலைக்கடை உண்டு. கடைக்காரருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. பெயர் வெளியில் வருவதை விரும்பாதவர். பாட்டனார் காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக மாலை கட்டுவதுதான் குடும்பத் தொழில். மனைவியும் உடன் அமர்ந்து கட்டுவார். மூத்தவள் மகள். மகன், அவளைவிட எட்டு வயது இளையவன்.

தோவாளையின் மாலைகளில் தலைசிறந்தது மாணிக்க மாலை. வெள்ளரளியையும் செவ்வரளியையும் பச்சை நொச்சியிலையையும் வரிசை பிசகாமல் மடித்து, சம்பு நாரில் கட்டிச் செல்வார்கள். குளத்துச் சேற்றில் ஆளுயரத்துக்கு வளரும் சம்பங்கோரையை வெட்டி, கீறி, உலர்த்தி வைத்து, வேண்டும்போது நீரில் நனைத்து எடுப்பதே அந்த நார். கட்டி முடித்த மாலை, பாய் பின்னியதுபோல் தட்டையாகவும், முகப்பில் கற்கள் பதித்ததுபோல் நிறம் நிறமாகவும் விளங்கும். திருவிதாங்கூர் மன்னர் ஒருவர் இதைக் கண்டு மாணிக்கம் என்று வியந்ததால் அப்பெயர் நிலைத்தது என்று ஊரில் சொல்வார்கள். 1956-ல் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் தோவாளைப் பூவுக்கு எல்லை என்பது இல்லை. அனந்தபத்மநாபனின் திருக்கோயிலுக்கு இங்கிருந்து மாலை செல்லும் வழக்கம் தொடர்ந்தது. 2025-ல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அச்செய்தி வந்த நாளில் கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, அதே தாளில் நொச்சித் தழையைப் பரப்பிவைத்து வேலையைத் தொடர்ந்தார் என்பார் அவர் மனைவி.

மலர்த் தொண்டு எவ்வளவு உயர்ந்தது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்புகலூரில் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரையும் தாமே கொய்து, தாமே தொடுத்து, அப்பெருமானுக்குச் சூட்டியவர் முருக நாயனார். இராமாநுசரின் ஆணையைத் தலைமேற்கொண்டு திருமலையில் நந்தவனம் அமைத்தவர் அனந்தாழ்வான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வளர்த்த பெரியாழ்வாரோ, அந்தத் துளசி வனத்திலேயே கிடைத்த குழந்தையையும் தம் மகளாக வளர்த்தெடுத்தார். ஒரு கையில் பூக்குடலையும் மறு கையில் பெண்குழந்தையுமாக அவர் நடந்திருக்க வேண்டிய காலைப் பொழுதுகளை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தோவாளைக் கடைக்காரர் தம்மை அவர்களோடு வைத்துப் பேசினால் பதறிப்போவார். “அவங்க தொண்டு செஞ்சவங்க. நான் கடை வச்சிருக்கவன்” என்பார். அந்த வேறுபாடு சிறியதன்று. கடைக்கு வாடகை உண்டு. பூவுக்குக் கடன் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

அவருடைய தந்தையார் காலத்தில் எல்லா மாலைகளும் நாரிலேயே கட்டப்பட்டன. மாணிக்க மாலைக்குச் சம்பு நார், மற்றவற்றுக்கு வாழைநார். வாழை மட்டையைக் கிழித்துக் காயவைத்து, மறுபடி நனைத்து, விரலால் மெலிதாகப் பிரிக்க வேண்டும். கவனம் தவறினால் பாதி மாலையில் அறுந்துபோகும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சந்தையில் நைலான் நூல் கண்டுகள் மலிந்தன. அறுவதில்லை, நனைக்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்தில் கட்டும் மாலை அரை மணியில் முடிகிறது. மகளைப் பள்ளியில் சேர்த்திருந்த சமயம் அது. மகனாகப்பட்டவர் நாரை விட்டுவிட்டு நூலுக்கு மாறினார். மாணிக்க மாலையை மட்டும் சம்பு நாரிலேயே கட்டினார். நூலில் அது படியாது.

முதியவர் அப்போது திண்ணையில் அமர்ந்திருந்தார். கண் மங்கிவிட்டதால் மாலையை விரலால் தடவிப் பார்த்தே தரம் சொல்வார். நூலில் கட்டிய முதல் மாலையை மடியில் வாங்கித் தடவியவர் சொன்னது இவ்வளவுதான்: “பூ வாடுதுல்லா மக்களே, நாரும் கூட வாடணும். பூ போனப் பொறவு கயிறு மட்டும் கெடந்தா அதுக்குப் பேரு மாலையா?” அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மூன்றாண்டுகளில் அவர் காலமானார். அவர் திருவுடலின்மேல் சாத்திய மாலைகளும் நைலான் நூலில் கட்டியவையே என்பது கடைக்காரருக்கு மிகப் பிற்காலத்தில்தான் உறைத்தது.

இடையே நாட்டில் நெகிழியைப் பற்றிய பேச்சு எழுந்தது. குமரி மாவட்டத்தில் மற்ற மாவட்டங்களுக்கு முன்னதாகவே நெகிழிப் பைகளுக்கு எதிரான முயற்சி நடந்ததை இங்குள்ளவர்கள் அறிவார்கள். 2019 ஜனவரி முதல் நாள் தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கடைக்காரரும் பாலிதீன் உறைகளை நிறுத்திவிட்டுத் தாமரை இலையில் பூவைப் பொதிந்து கொடுத்தார். அது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. கடைத்தெருவில் தாமரை இலைப் பொட்டலத்தில் பிச்சிப்பூ வாங்கிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாலைகளை எடுத்துச் செல்லப் பழைய வேட்டிகளைக் கிழித்து அவர் மனைவி பைகள் தைத்தார். அந்தப் பைகளை அடுத்த முறை திருப்பிக் கொண்டுவந்தவர்கள் சிலர், திருப்பாதவர்கள் பலர். எல்லோரும் பையைப் பற்றித்தான் பேசினார்கள். மாலைக்குள் மறைந்திருந்த நூலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

2022 வைகாசியில், மனைவியின் ஊரில் அம்மன் கோயில் கொடை. குடும்பத்தோடு போயிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுக் கொடைக்கு முப்பது மாலைகள் கொடுத்தவர் இவர்தான். இந்த ஆண்டும் அவ்வாறே. கோயிலுக்குப் பின்னால் ஊர்க் குளம். வெயிலில் நீர் உள்வாங்கி, சம்பும் தாமரையுமாகக் கரையோரம் சேறாகக் கிடந்தது. பத்து வயது மகன் மற்றப் பிள்ளைகளோடு குளத்தங்கரைக்குப் போனவன், ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

படித்துறைக்கு அருகில்தான் கோயில் நிர்மாலியத்தைக் கொட்டும் வழக்கம். சென்ற ஆண்டுப் பூவெல்லாம் மண்ணாகிவிட்டிருந்தது. நூல் மட்டும் இருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் ஒன்றும் ஆகாமல், பச்சை நிறம்கூட மாறாமல், முப்பது மாலைகளின் நூலும் ஒன்றோடொன்று சிக்கிப் பெரிய பந்தாகச் சம்பின் அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தாழைக்கோழி கால் மாட்டிக் கிடந்தது. உயிர் இருந்தது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, காலின் தோல் உரிந்துவிட்டிருந்தது.

மாலை கட்டுபவர்கள் ஒவ்வொருவருக்கும் கடைசி முடிச்சில் ஒரு கை உண்டு. கையெழுத்தைப் போன்றது அது. இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளிருந்து வெளியே இழுத்து முடிவது இவர் தந்தையார் கற்றுக்கொடுத்த முடிச்சு. பறவையின் காலை விடுவிக்க இடுப்பில் இருந்த கத்தரியை எடுத்தவர், நூலைப் பிரித்துப் பார்த்த கணத்தில் அந்த முடிச்சைக் கண்டார்.

“அப்பா, இது நம்ம கடை நூலா?” என்று மகன் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. அறுத்து விட்டதும் தாழைக்கோழி நொண்டிக்கொண்டு சம்புக்குள் போய் மறைந்தது. அது பிழைத்ததா என்பது தெரியாது. மாலை வரை அவர் அந்தச் சேற்றில் நின்று நூல் பந்தைப் பிரித்துப் பிரித்து ஒரு சாக்கில் நிரப்பினார். கொடைக்கு வந்திருந்த உறவினர்கள், மருமகனுக்கு என்ன வந்தது என்று கரையில் நின்று பார்த்தார்கள். அன்றிரவு அம்மனுக்குச் சாத்துவதற்காகக் கொண்டுவந்திருந்த மாலைகளும் அதே நூலில் கட்டியவைதான். அவற்றை அவர் சாத்தத்தான் செய்தார். வேறு வழியில்லை.

குமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. 1906-ல் திறக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர், கால்வாய்கள் வழியே ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்கு இறங்கிச் செல்கிறது. மேல் குளத்தில் விழுந்தது கீழ் ஊருக்குப் போகும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு அருகிலுள்ள நீர்ப்பரப்பும் தேரூர்க் குளமும் நீர்ப்பறவைகளின் புகலிடம் என்பதால், 2022-ல் அவை உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றன. இறைவனின் தோளில் ஒரு பகல் கிடந்த மாலை இறுதியில் போய்ச் சேர்வது பெரும்பாலும் இப்படியொரு நீர்நிலைக்குத்தான். கேரள முறையில் பூஜை நடக்கும் கோயில்கள் நிறைந்த இந்நாட்டில், அதிகாலை நிர்மாலிய தரிசனத்துக்குத் தனி மகிமை உண்டு. முதல் நாள் சாத்திய வாடிய மாலையோடு சுவாமியைக் கண்டு கும்பிட்டுவிட்டு வருகிறோம். மாலை களையப்பட்ட பின் எங்கே போகிறது என்று பின்னால் சென்று பார்ப்பவர் எத்தனை பேர்?

ஊர் திரும்பியதும் நூல் கண்டுகளை எல்லாம் கட்டி மேலே போட்டுவிட்டு மறுபடி வாழைநாருக்கு மாறினார். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் நாரைத் தொடாத விரல்கள் தடுமாறின. இரவு பதினொன்றுக்கு முடிந்த வேலை இரண்டு மணிக்கும் முடியவில்லை. முன்பு எடுத்த ஆர்டரில் ஏறத்தாழ பாதிக்குத்தான் கை கொடுத்தது. வாடிக்கையாளர்கள் சிலர், “நார் அறுந்து மாலை ஊர்வலத்திலே விழுந்தா அபசகுனம் இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அதே ஜூன் மாதம் மகள் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. 2018-ல் கேரளப் பெருவெள்ளத்தால் ஓணக் கொண்டாட்டம் நின்றபோது வாங்கி வைத்த பூவெல்லாம் குழிக்குப் போன கடன் இன்னும் முழுதாக அடையவில்லை. 2020 ஊரடங்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒரு நள்ளிரவில் நாரைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “சாமிக்குச் செய்யிறது சரிதான். குளத்துக்குச் செய்யிறதும் சரிதான். நம்ம பிள்ளைகளுக்கு யாரு செய்வா?”

அந்தக் கேள்வியில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. தர்மம் என்பது தன் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து ஊருக்குப் பரிமாறுவதானால், அதை நெடுநாள் நடத்த எந்த இல்லறத்தானாலும் இயலாது. கடைக்காரர் அன்று சங்கிலியை அடகுவைத்துச் சேர்க்கைப் பணம் கட்டினார். ஆவணி முகூர்த்தங்களில், கல்யாண மண்டப அலங்காரம் எடுத்துச் செய்யும் ஒருவர் வந்து கேட்டபோது அந்த வேலையையும் ஏற்றுக்கொண்டார். தெர்மகோல் பலகையும், பூச்செருகும் பச்சைக் கட்டியும், சரிகைத் தாளும், சீலைப்பூவுமான அலங்காரம். மூன்று கல்யாணங்கள். ஒவ்வொன்றும் முடிந்த இரவில் அத்தனையும் மண்டபத்தின் பின்புறம் குவிவதைப் பார்த்துக்கொண்டே கூலியை எண்ணி வாங்கினார். அதில்தான் சங்கிலி மீண்டது. இதை அவர் மறைப்பதில்லை. அந்த மூன்று கல்யாணப் பணத்தை வாங்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை அழகாக இருந்திருக்கும். மகளின் படிப்பு நின்றிருக்கும்.

மகள் படித்தது வணிகவியல். பணம் எங்கிருந்து வந்தது என்று அறிந்தவள், அதைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் பேசாமல், கடையின் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மாதம், நாள்தோறும் வாங்கிய பூவையும் விற்ற பூவையும் எதிரெதிரே எழுதினாள். ஆறு கூடை வாங்கினால் ஒரு கூடை குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. வந்தவர் பூ இல்லையென்று திரும்பிப் போகக் கூடாது என்ற பயத்தில் நாள்தோறும் வாங்கிய கூடை அது. நாரின் தாமதத்தால் குடும்பம் இழந்ததைவிட அந்த ஒரு கூடையால் இழந்தது மிகுதி. “அப்பா, நம்மள முடக்குறது நார் இல்ல. இந்தக் கூடைதான்” என்றாள்.

அதன் பிறகு கடையின் நடைமுறை மாறியது. மாலை வேண்டுவோர் முதல் நாள் நண்பகலுக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்ன அளவுக்கே பூ வாங்கப்படும். சுற்றுவட்டாரத்துச் சிறு கோயில்களின் நித்திய பூஜைக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை பேசினார். பூ விலை ஏறும் நாளில் அவருக்கு நட்டம், இறங்கும் நாளில் லாபம். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் தட்டு சமமாக நிற்கிறது. இந்த யோசனை அவருக்குப் புதிதாக வந்ததன்று. ஊரடங்கில் கோயில் நடைகள் பக்தர்களுக்கு அடைபட்டிருந்த மாதங்களிலும் நித்திய பூஜை நிற்கவில்லை. அந்நாளில் சந்தையே முடங்கிக் கிடக்க, ஒரு கோயிலுக்குத் தினம் ஒற்றை மாலை கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். அந்த ஒற்றை மாலைப் பணத்தில்தான் அரிசி வாங்கினார்கள்.

மாதத் தொகைக்கு முதலில் இசைந்தவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதிய தம்பதியருமே. மாதப் பிறப்பன்று பென்ஷன் வந்ததும் பூப்பணத்தைத் தனியே எடுத்துவைக்கும் ஓர் ஆச்சி, வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பிச்சிப்பூ சாத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பிச்சி விலை உச்சத்தில் இருந்த ஒரு மார்கழியில் கடைக்காரர் தயங்கித் தயங்கி, “இந்த வாரம் அரளியும் துளசியும் வைக்கட்டுமா ஆச்சி?” என்றார். ஆச்சி சற்று யோசித்துவிட்டு, “அம்மைக்கு விலை தெரியுமா என்ன? எது பூத்திருக்கோ அதை வை” என்றாராம். அந்தந்தப் பருவத்தில் மண் கொடுப்பதை அந்தந்தத் தெய்வத்துக்குச் சாத்துவதுதான் முன்னோர் முறையும். ஆண்டு முழுவதும் எல்லாப் பூவும் வேண்டும் என்பது லாரியும் குளிர்பெட்டியும் வந்தபின் நமக்கு வந்த ஆசை.

கோயில் நிர்மாலியத்துக்கும் ஒரு வழி பிறந்தது. சிவன் கோயில்களில் அது சண்டிகேசுவரருக்கு உரியது, பிறர் பயன்கொள்ளலாகாது என்ற எண்ணம் பெரியவர்களுக்கு உண்டு. அதனால் எதையும் விற்பது பற்றி அவர் பேசவே இல்லை. மாலை கொடுக்கும் இரண்டு சிறு கோயில்களில் மட்டும், மிதிபடாத மூலையில் ஒரு குழி வெட்டி அங்கேயே இட்டு மூடச் சொன்னார். நூல் இல்லாத நிர்மாலியம் சில மாதங்களில் மண்ணோடு மண்ணாகி, கோயில் அரளிச் செடிக்கே எருவாகிறது. பெரிய தலங்களில் வேறு ஏற்பாடுகள் உண்டு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021 முதல் தன் கோயில்களின் பூக்களைக் கொண்டு ஊதுவத்தி செய்வதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். ஆனால் எங்கேயானாலும் முதல் வேலை ஒன்றே. பூவினுள் சுற்றியிருக்கும் நூலையும் சரிகையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரித்தெடுக்க வேண்டும். சந்நிதியில் பாலிதீன் உறையோடு பூவை நீட்டும்போதும் அப்படித்தான். அர்ச்சகர் அதைக் கிழித்து எங்கேயாவது போட்டாக வேண்டும்.

மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. கடன் முழுதும் அடைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. வட்டி மட்டும் தவறாமல் போய், முதலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கல்யாண மண்டப வேலையை இப்போது எடுப்பதில்லை. ஆனால் மணமாலை கேட்பவர்கள் சிலர் சரிகை வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னமும் வைத்துக் கொடுக்கிறார். மனைவிக்கு இடுப்பு வலி. இரவு இரண்டு மணி என்பது பன்னிரண்டு ஆகியிருக்கிறது, பதினொன்றாகவில்லை. மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். வேலை தேடிக்கொண்டே கடைக் கணக்கையும் பார்க்கிறாள்.

மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. மாணிக்க மாலை கட்டக் கற்றுத்தரும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறான். பள்ளிப் பாடம் முடித்த பிறகு, சனிக்கிழமையில் மட்டும் என்பது அம்மாவின் கட்டளை. அவன் இந்தத் தொழிலுக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்பதில் அப்பாவுக்கே ஒரு முடிவு இல்லை. வர வேண்டாம் என்று பகலில் சொல்வார். இரவில் அவன் நொச்சியிலை மடிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். கடைசி முடிச்சை மட்டும் இன்னும் அவன் கையில் கொடுக்கவில்லை.

சென்ற மார்கழியில், சுசீந்திரம் தேரோட்டத்துக்கு முந்திய வாரம், சம்பு நார் கொண்டுவரும் முதியவர் வெறுங்கையோடு வந்தார். அவர் ஆண்டுதோறும் சம்பு வெட்டும் குளத்தின் ஒரு கரையில் மண் அடித்து மனைக்கல் நட்டுவிட்டார்களாம். இனி கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும், கட்டுக்கு விலை கூடும் என்றார். புவிசார் குறியீடு மாலைக்குக் கிடைத்துவிட்டது. அதைத் தாங்கும் நார் வளரும் சேற்றுக்கு யார் குறியீடு கொடுப்பது?

கடைக்காரர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். மேல்தட்டில் கட்டிப் போட்டிருந்த நைலான் கண்டுகள் அப்போதும் அங்கேயே இருந்தன. அவற்றை எரிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. பிறகு நோட்டை எடுத்து, மாதத் தொகை கொடுக்கும் வீடுகளின் பட்டியலைத் திறந்து, சம்பு நார் என்று எழுதி நேரே புது விலையைப் போட்டார். எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்களோ என்று வாய்விட்டுச் சொன்னார்.

“அந்த ஆச்சிகிட்ட நான் கேக்கேன்” என்றார் மனைவி. “பெரியவருக்குப் போக வர பஸ் காசையும் சேத்து எழுதுங்க.”

மகன் கடைசிக் கட்டு நாரை எடுத்து வாளி நீரில் அமிழ்த்தினான். சாலையில் பூ லாரி வந்து நின்றது.